சிராவா, ஷிராஸா? ஒரு கறுப்புத் திராட்சையும் அதன் இரண்டு பெயர்களும்

பேரங்காடியில் ஒயின் அடுக்கின் முன் நின்றால் இந்தக் குழப்பம் வந்தே தீரும். ஆஸ்திரேலியத் தட்டில் ‘ஷிராஸ்’ என்று வரிசையாகப் போத்தல்கள். நாலடி தள்ளி பிரெஞ்சுத் தட்டில் ‘சிரா’. தென்னாப்பிரிக்கத் தட்டில் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஏதோ ஒன்றில் ‘பெட்டிட் சிரா’ என்று வேறு எழுதியிருக்கும். இவை வேறு வேறு திராட்சைகளா, ஒன்றேதானா?

சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சைதான். பெட்டிட் சிரா வேறு. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். குளிர்ந்த மலைச்சரிவில் விளைந்த சிராவையும் வெயில் காயும் பள்ளத்தாக்கில் விளைந்த ஷிராஸையும் அடுத்தடுத்து ஊற்றிக் கொடுத்தால், இரண்டும் ஒரே கொடியின் பழம் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

‘ரகம்’ என்றால் என்ன

உலகில் ஒயினுக்காக வளர்க்கப்படும் திராட்சைகள் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்துக்குள் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. நீலம் மாங்கொட்டையை நட்டால் நீலமே காய்க்கும் என்று உறுதியில்லை. அதனால்தான் மாங்கன்றை ஒட்டுப்போட்டு வளர்க்கிறார்கள். திராட்சையும் அப்படித்தான். விதையிலிருந்து வளர்த்தால் வேறொன்றாகிவிடும் என்பதால் தண்டை வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். ஆக, இன்று உலகில் இருக்கும் ஒவ்வொரு சிராக் கொடியும் என்றோ முளைத்த ஒரே தாய்க்கொடியின் துண்டுதான்.

சிவப்பு ஒயினுக்கு நிறம் வருவது தோலிலிருந்து. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிழிந்தால் சாறு வெளிறித்தான் இருக்கும். தோலோடு சேர்த்து நொதிக்க வைக்கும்போதுதான் நிறமும் டானினும் இறங்குகின்றன. டானின் என்பது பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. நன்றாக ஊறிய ‘தே ஓ கொசோங்’ (பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்) ஒரு வாய் குடித்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சிராவின் தோலில் நிறமும் துவர்ப்பும் நிறையவே இருக்கின்றன. அதனால்தான் அந்த ஒயின் கண்ணாடிக் குவளையில் கிட்டத்தட்ட மை போல நிற்கிறது.

பாரசீகக் கதையும் மரபணுச் சோதனையும்

ஈரானில் ஷிராஸ் என்றொரு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒயினுக்குப் பேர்போன ஊர். பெயர் இவ்வளவு பொருந்தும்போது கதை பிறக்காமல் இருக்குமா? சிலுவைப்போரிலிருந்து திரும்பிய காஸ்பார் த ஸ்தெரிம்பேர் என்ற போர்வீரர், 1224 வாக்கில் பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் ஒரு குன்றின்மேல் சிற்றாலயம் கட்டித் துறவியாக வாழ்ந்தார் என்றும், பாரசீகத்திலிருந்து கொண்டுவந்த கொடியை அங்கே நட்டார் என்றும் சொல்வார்கள். குன்றின் பெயரே ‘ஹெர்மிடேஜ்’, அதாவது துறவியின் குடில். சிசிலித் தீவின் சிரகூஸ் நகரிலிருந்து வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு.

இரண்டையும் 1998இல் மரபணுச் சோதனை முடித்துவைத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேரல் மெரடித் குழுவினரும் பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து சிராவின் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று ‘துரேசா’ என்ற கறுப்புத் திராட்சை. ரோன் ஆற்றுக்கு மேற்கே அர்தேஷ் வட்டாரத்தைச் சேர்ந்தது. மற்றது ‘மோந்தேஸ் பிளான்ஷ்’ என்ற வெள்ளைத் திராட்சை. ஆற்றுக்குக் கிழக்கே சவோய் வட்டாரத்தைச் சேர்ந்தது. இரண்டுமே ஊர் பேர் தெரியாத சாதாரண ரகங்கள். தாயும் தகப்பனும் ரோனின் இரு பக்கத்திலும் இருந்திருக்க, பிள்ளை பாரசீகத்திலிருந்து வந்திருக்க வழியில்லை. கதை அழகானது என்பதால் சுற்றுலா வழிகாட்டிகள் இன்னும் அதை விடவில்லை.

அப்படியானால் ‘ஷிராஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது? ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சேகரித்த நூற்றுக்கணக்கான கொடித் துண்டுகள் 1832இல் சிட்னிக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பட்டியலில் இந்த ரகத்தின் பெயர் ‘ஸ்கிராஸ்’, ‘சிராஸ்’ என்பது போன்ற எழுத்துக்கூட்டலில் இருந்தது. ஆங்கிலம் பேசுவோர் வாயில் புரண்டு புரண்டு அது ‘ஷிராஸ்’ ஆகிவிட்டது.

ஒரே கொடி, இரண்டு சுவை: காரணம் வெயில்

பெயர்க் கதை இவ்வளவுதான். சுவை ஏன் மாறுகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

1. வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும். நொதிக்கும்போது சர்க்கரைதான் மதுசாரமாகிறது. அதனால் வெப்பமான இடத்து ஷிராஸில் 14.5, 15 விழுக்காடு மதுசாரம் சாதாரணம். குளிர்ந்த இடத்துச் சிரா 12.5 முதல் 13.5 வரை நிற்கும். போத்தலின் பின்பக்கச் சீட்டில் இந்த எண் இருக்கும். பெயரைவிட இந்த எண்ணை நம்பலாம் என்பது என் கருத்து.

2. சர்க்கரை ஏறும்போது புளிப்பு இறங்கும். குளிர்ந்த இடத்து ஒயினில் வாய் ஊறுவது போன்ற புளிப்பு மிஞ்சுகிறது. வெப்பத்தில் விளைந்தது வழுவழுப்பாக, கொஞ்சம் பழப்பாகு போல நாக்கில் உட்காருகிறது.

3. மிளகு வாசனை. சிராவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கருமிளகு வாசம் என்பார்கள். கவிஞர்த்தனமான வருணனை என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக்கழகம் 2008இல் அதன் காரணத்தை வெளியிட்டது: ‘ரோட்டண்டோன்’ என்ற வேதிப்பொருள். நாம் ரசத்தில் தட்டிப் போடும் மிளகுக்கு அந்த மணத்தைத் தருவதும் இதே பொருள்தான். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 16 பங்கு. இன்னொரு வேடிக்கை, அந்தச் சோதனையில் மூக்கைக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அளவைப் பலமடங்கு கூட்டியும் அந்த மணம் தெரியவே இல்லை. ஒரே மேசையில் ஒருவர் “மிளகு தூக்கலா இருக்கு” என்று சொல்ல, எதிரில் இருப்பவர் “எங்கே?” என்று கேட்டால், இருவருமே பொய் சொல்லவில்லை. இந்தப் பொருள் திராட்சைத் தோலில் சேர்கிறது. குளிர்ந்த இடத்திலும் குளிர்ந்த ஆண்டிலும் அதிகம் சேர்கிறது. வெயில் காயும் இடத்தில் அது பின்வாங்கி, கறுத்த பெர்ரிப் பழங்களும் சாக்லேட்டும் போன்ற வாசனை முன்னால் வருகிறது.

4. மரப்பீப்பாய். ஆஸ்திரேலியாவின் பராசா பள்ளத்தாக்கில் செய்யும் பழைய பாணி ஷிராஸில் வெனிலாவும் லேசாகத் தேங்காயும் மணந்தால் அது பழத்தின் வேலையல்ல, அமெரிக்க ஓக் மரத்தின் வேலை. சில ஆஸ்திரேலிய ஒயின்களில் தைல மர வாசம்கூட வரும். தோட்டத்தை ஒட்டி யூக்கலிப்டஸ் மரங்கள் இருந்தால் அவற்றின் எண்ணெய் காற்றோடு வந்து திராட்சைத் தோலில் படிந்துவிடுகிறது. அடிலெய்டு ஆய்வாளர்கள் இதையும் அளந்து பார்த்துவிட்டார்கள். மரத்துக்குக் கிட்டே இருக்கும் கொடி வரிசைகளில்தான் வாசம் அதிகம்.

எங்கெங்கே விளைகிறது

உலகம் முழுவதும் சுமார் 190,000 ஹெக்டேரில் இந்த ரகம் பயிராகிறது. சிங்கப்பூரைப்போல இரண்டரை மடங்கு பரப்பு. இதில் பிரான்சில் மட்டும் 60,000 ஹெக்டேருக்கு மேல். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 40,000.

*ரோன் பள்ளத்தாக்கு, பிரான்ஸ்.* சிராவின் தாய்வீடு, ஆற்றின் வடபகுதியில் வியென் நகருக்கும் வலான்ஸ் நகருக்கும் இடைப்பட்ட குறுகலான நிலம். அங்குள்ள ‘கோத் ரோத்தி’ என்ற இடப்பெயருக்கு ‘வறுபட்ட சரிவு’ என்று பொருள். மலைச்சரிவு அவ்வளவு செங்குத்து, இயந்திரம் ஏறாது. கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய பாத்திகளில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கழி நட்டுக் கட்டியிருப்பார்கள். வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வரும். சிராவின் இளந்தண்டு எளிதில் ஒடியும்; வடக்கிலிருந்து வீசும் ‘மிஸ்திரால்’ காற்றோ ஈவிரக்கமில்லாதது. கழி இல்லாவிட்டால் பயிரே தங்காது. இங்கே கறுப்புத் திராட்சையோடு வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சையையும் 20 விழுக்காடு வரை சேர்த்து நொதிக்க விதி அனுமதிக்கிறது. வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளுக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு: கொஞ்சமாகச் சேர்த்தால் தோலின் நிறமிகள் நிலைபெற்று நிறம் உறுதிப்படுகிறது.

ஹெர்மிடேஜ் குன்று மொத்தமே சுமார் 136 ஹெக்டேர். நம் பூமலை எனும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைப்போல ஒன்றரை மடங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் சின்னக் குன்றின் ஒயினை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் போர்தோ வட்டார வணிகர்கள் வாங்கித் தங்கள் ஒயினில் கலந்து கெட்டிப்படுத்தினார்கள். அதைக் குறைவாக நினைக்கவில்லை. கலந்தது என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

*பராசா பள்ளத்தாக்கு, ஆஸ்திரேலியா.* அடிலெய்டுக்கு வடகிழக்கே. 1842 முதல் ஜெர்மன் மொழி பேசிய லூத்தரன் குடும்பங்கள் குடியேறிய ஊர். இங்கே 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அது பிரான்சில் ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு பூச்சிதான் காரணம். வேரை உறிஞ்சும் ‘ஃபிலோக்ஸெரா’ என்ற பேன் போன்ற பூச்சி 1860களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்து, தோட்டம் தோட்டமாக அழித்தது. பிறகு அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டி நட்டுத்தான் மீண்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் 1877இல் அது நுழைந்தது. தெற்கு ஆஸ்திரேலியா கடுமையான தடைக் கட்டுப்பாட்டால் இதுவரை தப்பியிருக்கிறது. சிரா பிறந்தது பிரான்சில். அதன் மிக வயதான கொடிகளில் சிலவற்றைச் சொந்த வேரோடு பார்க்க வேண்டுமானால் பராசாவுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கொடிகளும் ஒருமுறை போயிருக்க வேண்டியவை. 1980களில் திராட்சை மிகையாகிவிட்டது என்று மாநில அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. நூறு வயதுக் கொடிகளையும் சேர்த்தே பிடுங்கினார்கள். இன்று அந்த வயதுக் கொடியின் ஒயினுக்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆஸ்திரேலிய ஷிராஸின் பெயரை உலகறியச் செய்தது பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ‘கிரேஞ்ச்’. அங்கே ஒயின் செய்தவரான மேக்ஸ் ஷூபர்ட் 1951இல் இதைச் சோதனையாகச் செய்தார். 1957இல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அவர் நிறுத்தவில்லை, ஒளித்துவைத்துச் செய்தார். 1960இல் நிர்வாகமே மனம் மாறியது. அதன் பழைய பெயர் ‘கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்’. பிரெஞ்சுக் குன்றின் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக்கூடாது என்றானதும் 1990ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து பின்பாதி போய்விட்டது. பழைய ஆஸ்திரேலியப் போத்தலில் ‘ஹெர்மிடேஜ்’ என்று பார்த்தால் அது பெரும்பாலும் ஷிராஸ்தான் என்று கொள்ளலாம்.

*மற்ற இடங்கள்.* நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், சிலி, ஸ்பெயின், அர்ஜென்டினா எல்லாவற்றிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்ட் வட்டாரம் தனியாகப் பார்க்கத் தக்கது. இந்தியாவில் நாசிக்கிலும் ஷிராஸ் விளைகிறது.

சீட்டை வாசிப்பது எப்படி

1. ‘சிரா’, ‘ஷிராஸ்’ என்பதில் எதைப் போடுவது என்று பல நாடுகளில் கட்டாயம் இல்லை. தயாரிப்பவரின் விருப்பம். மெலிந்த, மிளகு வாசமுள்ள பாணியைச் சொல்ல ‘சிரா’. கனத்த, பழச்சுவை நிறைந்த பாணியைச் சொல்ல ‘ஷிராஸ்’. இது வழக்கம்தான், வாக்குறுதி அல்ல. இப்போது ஆஸ்திரேலியாவிலேயே குளிர்ந்த வட்டாரத்தவர் சிலர் ‘சிரா’ என்று போடுகிறார்கள்.

2. வடரோன் போத்தல்களில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. இடப் பெயர்தான்: கோர்னாஸ், சேன் ஜோசப், குரோஸ் ஹெர்மிடேஜ். இடத்தைத் தெரிந்தவர்க்கே திராட்சை தெரியும். பிரெஞ்சுக்காரர்களின் இந்தப் பழக்கம் வெளியூர்க்காரர்களைக் கொஞ்சம் சோதிக்கத்தான் செய்கிறது.

3. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரே ரகத்தின் பெயரைப் போட, குறைந்தது 85 விழுக்காடு அந்த ரகம் இருந்தால் போதும். மீதியில் வேறு கலந்திருக்கலாம்.

4. ‘பெட்டிட் சிரா’ என்பது ‘துரிஃப்’ என்ற வேறு ரகம். சிராவும் பெலூர்சான் என்ற ரகமும் கலந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பிள்ளை. உறவு உண்டு, ஆள் வேறு.

விலை: சீனாவும் நம் தீர்வையும்

ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினுக்கு ஒரு காலத்தில் சீனாதான் பெரிய வாடிக்கை. 2021 மார்ச் மாதம் சீனா 116 முதல் 218 விழுக்காடு வரை வரி விதித்தது. அந்தச் சந்தை ஏறக்குறைய முழுதாக மூடிக்கொண்டது. 2024 மார்ச் இறுதியில் வரி நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் தொட்டிகளில் ஒயின் தேங்கியது. உள்நாட்டுப் பாசன வட்டாரங்களில் விவசாயிகள் கொடியைப் பிடுங்கும் நிலை மறுபடி வந்தது. அடிபட்டதில் பெரும்பங்கு ஷிராஸ், கபர்னே போன்ற சிவப்பு ரகங்கள்.

அங்கே விலை விழுந்தால் இங்கேயும் விழ வேண்டாமா? முழுதாக விழாது. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை விலைமீது அல்ல, அதிலுள்ள மதுசாரத்தின்மீது: ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 88 வெள்ளி. 750 மில்லிலிட்டர் போத்தலில் 14 விழுக்காடு என்றால் 0.105 லிட்டர் மதுசாரம். தீர்வை 9 வெள்ளி 24 காசு. போத்தல் எவ்வளவு மலிவானாலும் இதேதான். 15 விழுக்காடு ஷிராஸுக்கு 9.90, 13 விழுக்காடு சிராவுக்கு 8.58. அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

14 விழுக்காட்டு ஒயின் இரண்டை எடுத்துக்கொள்வோம். கடையில் 25 வெள்ளிக்கு விற்கும் போத்தலில் பொருள் சேவை வரி 2.06, தீர்வை 9.24 போக மிஞ்சுவது 13.70. தோட்டக்காரர், போத்தல், கப்பல், இறக்குமதியாளர், கடை வாடகை எல்லாம் இதற்குள். 100 வெள்ளிப் போத்தலில் மிஞ்சுவது 82.50. விலை நாலு மடங்கு. உள்ளே இருப்பதற்குப் போகும் பணம் ஆறு மடங்கு. மலிவான போத்தலில் நாம் வாங்குவது பாதிக்குப் பாதி வரிதான் என்று புலம்புவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இங்கே விளையாது, சரி, வைப்பது எப்படி

திராட்சைக் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். இலை உதிர்த்து, ஓய்ந்து, வசந்தத்தில் ஒரே மூச்சில் துளிர்த்தால்தான் பழம் ஒருசேர முதிரும். பூமத்தியரேகைக்கு ஒன்றரைப் பாகைகூட விலகாத சிங்கப்பூரில் அந்தத் தூக்கமே வராது. ஈரக்காற்றில் பூஞ்சை வேறு. நாசிக் சுமார் 20 பாகை வடக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழைக்காலம் முடிந்ததும் கவாத்து செய்து, குளிர்மாதங்களில் பழுக்கவைத்து, கோடை முற்றுவதற்குள் பறித்துவிடுகிறார்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து நாளை மாற்றி மாற்றியே ஆண்டு முழுக்கப் பன்னீர் திராட்சை எடுக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் சாப்பிட அருமை. சிராவோடு அதற்குச் சம்பந்தமில்லை.

‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற அறிவுரை ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளுக்கானது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 பாகை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பிற்பகல் 30 பாகை. அந்தச் சூட்டில் 15 விழுக்காட்டு ஷிராஸை ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது பழமல்ல, மதுசாரம். அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அதே ஒயின் அடங்கி வரும். அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் கொதித்த பழப்பாகு வாசம் வந்துவிடும். விலை எவ்வளவானாலும் அதை மீட்க முடியாது.

சாப்பாட்டோடு என்றால் ஒரு எச்சரிக்கை. மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்புணர்வியைத்தான் மதுசாரமும் தூண்டுகிறது. மீன் தலைக் கறியோடு கனத்த ஷிராஸ் சேர்ந்தால் நாக்கு எரிந்து ஒயினும் தெரியாது, கறியும் தெரியாது. மிளகு போட்டுச் சுருள வதக்கிய ஆட்டிறைச்சிக்கு 13 விழுக்காட்டுச் சிரா பொருந்தும். ரோட்டண்டோன் தெரியாத அந்த ஐந்தில் ஒருவருக்கும், ஆட்டிறைச்சியின் காரம் எப்படியும் தெரியும்.